காம்பரா இசை

"கொழுந்து பறிக்கிறவளின் பிள்ளைக்கு வயலின் எதற்கு?"

சென்ற தவணையிலே எம்மிடம் இக்கேள்வியை எழுப்பியவர் தோட்டத் துரை அல்லர். எம்மைப் போலவே லயத்திற் பிறந்து, படித்து, ஆசிரியத் தொழில் பார்ப்பவர். மேடையேறினால் மலையக மக்களின் உரிமைக்காக ஒரு மணி நேரம் பேசக்கூடியவர். நாம் அவரிடம் கேட்டது மிகச் சிறிய காரியம். விழாவுக்கு வரும் விருந்தினரை வாசலிலே நின்று தப்படித்து அழைத்து வருவதோடு எமது மாணவரின் இசைப்பணி முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒரு படி சென்று, இரண்டு வயலின், ஒரு புல்லாங்குழல், ஒரு தப்பு என நான்கு கருவிகளைக் கூட்டி, அந்த நால்வருக்கென்றே புதிதாக இயற்றப்பெற்ற இசையாக்கம் ஒன்றை, இயற்றியவரையும் அருகில் இருத்திக்கொண்டு மாணவர் வாசிக்கும்படி செய்யலாகாதா என்று கேட்டோம். அதற்குக் கிடைத்த விடைதான் மேலே கண்டது.

அங்கிருந்த மற்றொருவர் இடதுசாரித் தோழர். அவர் சொன்னார்: "நீங்கள் கேட்பது பிரபுக்களின் வரவேற்பறைச் சங்கீதம். பாட்டாளிக்கு அதனால் ஆவதென்ன?" மூன்றாமவர் பண்பாட்டன்பர். அவர் எமது தோளைத் தொட்டுக் கனிவோடு கூறினார்: "தப்பை அதன் இயல்பிலே விட்டுவிடுங்கள். தாளில் எழுதி வாசிக்கத் தொடங்கினால் மண்வாசனை போய்விடும்."

மூவரும் மூன்று திசைகளில் நின்று பேசினர். ஒருவர் வாக்கில் நடைமுறை அறிவு இருந்தது. ஒருவர் வாக்கில் வர்க்க உணர்வு இருந்தது. ஒருவர் வாக்கில் மரபின் மீது பற்று இருந்தது. ஆயின் மூன்றையும் கூட்டிப் பார்த்தபோது விடை ஒன்றாகவே வந்தது: தோட்டத்துப் பிள்ளை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். இவ்விடையை நாம் ஏற்பதற்கில்லை. ஏன் ஏற்பதற்கில்லை என்பதை ஆசிரிய நண்பர்கள் முன்னும் மாணவர் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஆங்கிலத்தில் சேம்பர் மியூசிக் என வழங்குவதைத் தமிழில் அறையிசை எனலாம். இருவர் முதல் எட்டு ஒன்பது பேர் வரை கூடி, ஒவ்வொருவரும் தமக்கென எழுதப்பெற்ற தனிப்பகுதியை வாசிக்கும் இசை அது. பெரிய வாத்தியக் குழுவிலே இருபது வயலின்காரர் ஒரே பகுதியை வாசிப்பர். ஒருவர் தவறினாலும் மற்றவர் ஒலியில் அது மறைந்துவிடும். அறையிசையில் அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொருவர் குரலும் தனித்துக் கேட்கும். முன்னே நின்று கோலசைக்கும் நடத்துநரும் பெரும்பாலும் இல்லை. ஒருவரையொருவர் பார்த்தும் கேட்டுமே நால்வரும் நடக்க வேண்டும். இப்போது ஒருவர் முன்னே வருவார், மற்றவர் தாங்குவர். அடுத்த கணம் தாங்கியவர் முன்னே வருவார். சமத்துவத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றாமலே அதனைப் பழக்கும் கலை இது. ஆசிரியர் என்ற முறையில் எம்மை இதன்பால் ஈர்த்தது இப்பண்பே.

இத்தாலிய மொழியில் இதனை மியூசிக்கா டா காமெரா என்பர். காமெரா என்றால் அறை. போர்த்துக்கேயர் அதனைக் காமரா என்றனர்; அச்சொல் இந்நாட்டுக்கு வந்து சிங்களத்தில் காமரய ஆயிற்று; எமது தோட்டங்களிலே காம்பரா ஆயிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடியில், ஒரு குடும்பம் உண்டு உறங்கிப் பிள்ளை பெற்று வாழும் அந்த லயத்துக் காம்பராவைத்தான் சொல்லுகிறோம். ஐரோப்பிய அரண்மனையின் காமெராவும் தலவாக்கலை லயத்தின் காம்பராவும் ஒரே சொல்லின் இரு முகங்கள். ஒன்றில் இசை வளர்ந்தது; மற்றதில் இசைக்கு இடமில்லை என்று சொல்லப்படுகிறது. இடமில்லை என்று விதித்தவர் யார்?

*

இனி இடதுசாரித் தோழருக்கு விடை கூறுவோம். அவர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. அறையிசை பிரபுக்களின் மாளிகையிலே கேட்கப்பட்டது என்பது சரித்திரம். ஆனால் அதைக் கேட்டவன் யார் என்று மட்டும் ஆராய்ந்து, அதைச் செய்தவன் யார் என்று கேளாது விடுவது எவ்வகை வர்க்கப் பார்வை? நால்வர் தந்தியிசைக்கு உருவங் கொடுத்த ஹைடன் ஒரு வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளியின் மகன். 1761இல் அவன் எஸ்டர்ஹாசிப் பிரபுவின் சேவைக்குச் சேர்ந்தபோது, சீருடை அணிந்து, கட்டளைக்குக் காத்து நிற்க வேண்டியவனாகவே சேர்ந்தான். அறுபதுக்கும் மேற்பட்ட நால்வரிசைகளை உலகிற்கு விட்டுச் சென்றவன் அவன். பிரபு கூலி கொடுத்தான், உழைப்பு ஹைடனுடையது. தேயிலையைக் குடிப்பவன் லண்டனில் இருக்கிறான் என்பதனால் தேயிலை அவனுடைய படைப்பாகிவிடுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இசைக் கல்லூரியைக் குறிக்கும் கன்சர்வேட்டரி என்னும் சொல் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பிறந்த சொல் அன்று. பதினாறாம் நூற்றாண்டிலே நேப்பிள்ஸ் நகரத்து அனாதைப் பிள்ளைகளைக் காத்து வளர்க்கும் இல்லங்களுக்கே அப்பெயர் வழங்கிற்று. காத்தல் என்பதே அதன் பொருள். 1537இல் தோன்றிய சாந்தா மரியா டி லொரெட்டோ அத்தகைய இல்லங்களுள் மூத்தது. அப்பிள்ளைகளுக்குப் பிழைக்க ஒரு தொழில் வேண்டுமென்று இசை கற்பித்தனர். கற்பித்த இசை இல்லத்தின் பெயரையே மாற்றிவிட்டது. வெனிஸ் நகரிலே, பெற்றோராற் கைவிடப்பட்ட பெண்பிள்ளைகளை வளர்த்த பியெத்தா இல்லத்தில் 1703இல் வயலின் ஆசிரியராக அமர்ந்தவர் விவால்டி. இன்று உலக அரங்குகள் விலைகொடுத்துக் கேட்கும் அவருடைய ஆக்கங்கள் பல அந்த அனாதைப் பெண்கள் வாசிப்பதற்காக எழுதப்பட்டவை. பின்னர் 1795இல் பிரெஞ்சுப் புரட்சியின் தேசிய மன்றம் பாரிசிலே அரசின் இசைக் கல்லூரியை நிறுவிற்று. அனாதை இல்லத்திற் பிறந்து, புரட்சியிலே பொதுவுடைமையான ஒன்றை நாமே 'மேட்டுக்குடிச் சொத்து' என்று மேட்டுக்குடிக்குப் பட்டயம் எழுதிக் கொடுக்கிறோமே, இது பேதைமையன்றோ?

பழைய உலகம் சேர்த்துவைத்த அறிவையும் கலையையும் உள்வாங்கிக் கொள்ளாமல் புதிய பாட்டாளி வர்க்கப் பண்பாட்டைக் காற்றிலிருந்து கட்ட முடியாது என்று 1920இல் இளைஞர் மாநாட்டிலே லெனின் எடுத்துரைத்தார். அதைத் தோழர் நன்கு படித்திருப்பார். படித்தது வயலினுக்குப் பொருந்தாது என்று எங்கே கண்டார்?

*

மண்வாசனை அன்பருக்கு வருவோம். தப்பை அதன் இயல்பிலே விட்டுவிட வேண்டும் என்கிறார். நல்லது, தப்பின் இயல்பு எது?

அதிகாலை இருட்டிலே, தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்புவதற்காகத் தோட்டங்களிலே தப்படித்தனர். வெள்ளைத் துரைக்குத் தப்பு ஒரு மணிக்கூடாகப் பயன்பட்டது. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் காவியத்திலே கேட்கும் தப்பொலி இதுவே. சாவீட்டிலே தப்படித்தனர், அடித்தவரைத் தீண்டத்தகாதவர் என்று வாசலுக்கு வெளியே நிறுத்தினர், நிறுத்தியவரும் கொழுந்துக் கூடை சுமந்த கூலிகளே. மாசி மாதத்துக் காமன் கூத்திலே தப்படித்தனர். அங்கே மட்டும் அது கலையாக வாழ்ந்தது. இன்று அமைச்சர் வந்தால் தப்படிக்கிறோம். 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை எம்மவர் நடந்த காலத்திலே, தப்பு எமது அடையாளம் என்று பேசாத மேடை அரிது. பேசி முடித்தபின், அதே தப்பை அடிக்கும் மாணவனை "தப்படிக்கிற பயல்" என்று சாதி சுட்டி அழைக்கும் வாய்கள் பாடசாலைகளிலும் உண்டு. இதனை மறைப்பதனால் எமக்கு எப்பெருமையும் வாராது.

எனவே, எழுப்பும் மணியாக இருக்கலாம், சாவுக்குப் போகலாம், வரவேற்புக்கு நிற்கலாம். மேடையில் வயலினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரக்கூடாது. இயல்பு என்று அன்பர் சொல்வது உண்மையில் இந்த ஏற்பாட்டைத்தான். இயல்பு என்ற சொல்லுக்குள்ளே சாதி ஒளிந்திருப்பதை அவர் அறியாமலே பேசுகிறார்.

கருநாடக இசையின் கதையையும் சற்றே நினைவுகூர்க. வயலின் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் வெள்ளையரோடு வந்த கருவி. பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் அதனைக் கைக்கொண்டனர். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. மண்வாசனை போய்விட்டதென்று எவரும் அழவில்லை. மிருதங்கத்திற்குத் தோல் வார்த்துக் கட்டித் தந்தவர் பலர் தலித்துக் கைவினைஞர். அவர்கள் கதையை டி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூலாகவே எழுத நேர்ந்தது. தோலுக்குச் சபையிலே இடம் கிடைத்தது. தோலைப் பதப்படுத்தியவனுக்குக் கிடைக்கவில்லை. தப்புக்கோ இரண்டும் இல்லை.

இதற்கு மாறான ஒரு சான்று எமது நாட்டிலேயே உண்டு. இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த ரொஹான் டி சேரம் உலகின் தலைசிறந்த செலோ கலைஞருள் ஒருவர், அர்டிட்டி நால்வர் குழுவிலே கால் நூற்றாண்டு வாசித்துப் புத்திசையின் கடினமான ஆக்கங்களை உலகெங்கும் அரங்கேற்றியவர், 2024இல் மறைந்தார். அவர் கண்டிய மேளமான கெட்டபெரயவும் பயின்றவர். அதனை அறிந்த இத்தாலிய இயற்றுநர் லூசியானோ பெரியோ, 2002இல் அவருக்கென்றே எழுதிய பதினான்காம் செக்குவென்சாவிலே கண்டிய மேளத்தின் தாளங்களைச் செலோவுக்குள் புகுத்தினார். வாசிப்பவர் வில்லை மட்டும் நம்பாது செலோவின் உடலையே கையால் தட்டி மேளமாக்க வேண்டும். அதனால் கண்டிய மேளத்தின் மண்வாசனை போயிற்றா? எசல பெரஹராவிலே அது முன்போலவே முழங்குகிறது. உலக இசைக் கல்லூரிகளின் மாணவரும் அதன் தாளத்தைப் பயிலுகின்றனர். கண்டிய மேளம் இம்மலைகளின் ஒரு பக்கத்திலே ஒலிப்பது. தப்பு மறுபக்கத்திலே ஒலிப்பது. ஒன்றுக்குக் கிடைத்தது மற்றதற்குக் கிடைக்கலாகாது என்று எந்த இசையிலக்கணம் கூறுகிறது?

*

நாட்டார் இசையைத் தாளில் எழுதினால் அது செத்துவிடும் என்போருக்கு ஹங்கேரி நாட்டுப் பார்ட்டொக்கின் வாழ்வு தக்க விடையாகும். அவர் பூடாபெஸ்ட் இசைக் கல்லூரியிலே பியானோ ஆசிரியர். தம் நண்பர் கொடாயுடன் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு குடியானவர் கிராமங்களுக்குச் சென்று பாட்டுக்களைத் திரட்டினார். ஹங்கேரியப் பாட்டோடு ருமேனியப் பாட்டும் சுலோவாக்கியப் பாட்டும் திரட்டினார். எதிரி இனத்தவன் பாட்டை ஏன் எடுக்கிறாய் என்று தேசப்பற்றாளர் ஏசியபோதும் விடவில்லை. அப்பாட்டுக்களினின்று அவர் ஆக்கிய ஆறு நால்வரிசைகள் இருபதாம் நூற்றாண்டு அறையிசையின் சிகரம். ஆயின் ஆசிரியராகிய எமக்கு அவற்றிலும் பெரிதாகத் தோன்றுவது 1931இல் அவர் வயலின் பயிலும் மாணவருக்காக எழுதிய 44 இருவரிசைகளே. ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடம். எளியதிலிருந்து கடினமானதற்கு ஏறுவது. ஏறத்தாழ எல்லாமே குடியானவர் பாட்டிற் பிறந்தவை. பெருங்கலைஞன் ஒருவன் மாணவனுக்காக எழுதும்போது தரம் தாழ்த்தி எழுத வேண்டியதில்லை என்பதற்கு அந்நூலைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. அதிலே ஹங்கேரிய மெட்டும் ருமேனிய மெட்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டு இனம், ஒரே மேசையில் இரண்டு வயலின். இலங்கையர் இதிற் படிக்க வேண்டியது இசை மட்டுமன்று.

எமது மலைப்பாட்டுக்களின் கதை என்ன? கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டந்தோட்டமாகச் சென்று பாடி மக்களைத் திரட்டினார். 1940இல் அப்பாட்டுக்கள் அச்சேறின. 1947இலே தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை எம்மக்களின் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். அவர்களுக்கு எமது வணக்கம். ஆயின் அச்சேறியவை சொற்கள். மெட்டுக்களில் மிகப் பெரும்பாலானவை எமது பாட்டிமாரின் தொண்டையிலே தங்கி, அவர்களோடு மண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. மண்வாசனையை இயல்பிலே விட்டதன் பயன் இதுதான்.

*

"உயர்ந்த எண்ணந்தான், ஆனால் நடக்கிற காரியமா?" என்று கொழுந்து பறிப்பவளின் பிள்ளையைப் பற்றிக் கேட்ட முதல் நண்பர் இப்போது மீண்டும் கேட்பார். நடந்திருக்கிறது. எமது நாட்டிலேயே நடந்திருக்கிறது.

பிரேமசிறி கேமதாச (1937–2008) வாதுவைப் பக்கத்துக் கிராமத்தவர். 1968இல் வந்த கொலு ஹதவத, 1978இல் வந்த பம்பரு அவித் முதலிய படங்களின் இசையால் சிங்கள மக்கள் அனைவரும் அறிந்தவர். அப்புகழோடு அவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. 1990களிலே தம் பெயரில் ஓர் அறக்கட்டளை நிறுவி, வசதியற்ற கிராமப்புறப் பிள்ளைகளைக் கொழும்புக்கு அழைத்து இசை பயிற்றினார். மேலைத்தேய ஒப்பராவின் குரற்பயிற்சியைச் சிங்கள நாவுக்குப் பழக்கினார். 2007இல் அவருடைய அக்னி என்னும் ஒப்பரா மேடையேறியபோது அவரிடம் பயின்ற அத்தகைய இளைஞரே மேடையில் நின்றனர். வயலும் தென்னந்தோப்பும் கண்ட பிள்ளைகளால் ஒப்பரா பாட முடியுமானால், தேயிலை மலை கண்ட பிள்ளைகளால் ஒரு நால்வரிசை வாசிக்க முடியாதா? குளிர் விரல்களை மரக்கச் செய்யும் என்பதைத் தவிர வேறு தடை எமக்குத் தோன்றவில்லை.

தமிழகத்தைப் பார்ப்போம். வி. எஸ். நரசிம்மன் சென்னையிலே நால்வர் தந்திக்குழு ஒன்றை 1990களில் அமைத்துத் தியாகராசரின் கீர்த்தனைகளையே நால்வரிசையாக்கிக் காட்டினார். 2008இல் ஏ. ஆர். ரகுமான் சென்னையிலே கே. எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். அதன் துணையாக, வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தந்திக் கருவி கற்பிக்கும் சன்ஷைன் வாத்தியக் குழுவும் தோன்றிற்று.

எல்லாவற்றிலும் எம் நெஞ்சுக்கு அணுக்கமானது இளையராசாவின் கதை. பண்ணைப்புரத்து ஏழைச் சிறுவர். அண்ணன் பாவலர் வரதராசனுடன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளிலே ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது பாவலரின் பாட்டு ஒலித்த இடம் மூணாற்றுத் தேயிலை மலைகள். கேட்டவர்கள் எம்மைப் போன்ற தமிழ்க் கூலிகள். அந்த மேடைப் பாட்டுக்காரரே சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைத்தேய இசையெழுத்தைப் பயின்று, 1986இல் தியாகராசரையும் பாக்கையும் ஒருங்கே வணங்கும் 'ஹவ் டு நேம் இட்' ஆக்கத்தைத் தந்தார். 2025ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆந் தேதி லண்டனிலே தமது சிம்பொனியை அரச பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவைக் கொண்டு அரங்கேற்றினார்.

இக்கதைகளைக் கேட்டு மகிழ்ந்து கை தட்டுவதோடு பலர் நின்றுவிடுகின்றனர். நாம் நிற்க விரும்பவில்லை. கேமதாசவின் பணி ஒரு தனி மனிதரின் அன்பினால் நடந்தது. ரகுமானுடையது ஒரு செல்வரின் கொடையால் நடப்பது. இளையராசாவின் வாழ்விலே ஒரு தன்ராஜ் மாஸ்டர் எதிர்ப்பட்டார். எதிர்ப்படாதிருந்தால்? பண்ணைப்புரத்திலும் மூணாற்றிலும் தலவாக்கலையிலும் மாஸ்டர் எதிர்ப்படாமற் போன இளையராசாக்கள் எத்தனை பேர்? தற்செயலை நம்பி ஒரு சமுதாயம் வாழ முடியாது. கொடையாளியின் மனம் இளகும்வரை ஒரு பிள்ளையின் செவி காத்திருக்கவும் முடியாது. கொடாய் இதனை உணர்ந்தவர். திரட்டிய பாட்டுக்களைப் பாடநூலாக்கினார். 1950இல் கெச்கெமெத் நகரிலே நாள்தோறும் இசை கற்பிக்கும் ஆரம்பப் பாடசாலை தோன்றி, பின்னர் அத்தகைய பாடசாலைகள் நாடெங்கும் பெருகின. இசையைச் செல்வரின் கொடையினின்று விடுவித்துப் பிள்ளையின் உரிமையாக்கிய வழி அது. எமக்கு வேண்டியது அவ்வழி.

*

எம்மிடம் பயின்ற ஒருவனை இங்கு நினைக்கிறோம். பெயர் வேண்டாம். காமன் கூத்திலே தப்படிக்கும் குடும்பத்துப் பிள்ளை. வகுப்பிலே மேசையின் மீது அவன் விரல்கள் ஓயா. நாம் கண்டித்ததும் உண்டு, இப்போது நாணுகிறோம். ஒருநாள் கைப்பேசியிலே நால்வர் தந்திக்குழு ஒன்றின் வாசிப்பை மாணவருக்குக் காட்டினோம். மற்றவர் சிறிது நேரத்தில் அலுத்தனர். அவன் இறுதிவரை பார்த்துவிட்டுச் சொன்னான்: "சேர், இவங்க கண்ணாலேயே பேசிக்கிறாங்க. நம்ம கூத்துல தப்படிக்கிறவங்களும் இப்படித்தானே?"

அறையிசை பற்றி நாம் படித்த நூல்கள் விரித்துரைத்ததை அவன் இரண்டு வரியில் சொல்லிவிட்டான். அவனுக்கு இசையை ஒரு பாடமாக எடுக்க விருப்பம். சாதாரண தரத்திற்கு இசை பாடத்திட்டத்திலே இருக்கிறது. கருநாடக சங்கீதம் உண்டு, மேலைத்தேய சங்கீதமும் உண்டு. அவன் படித்த பாடசாலையிலே இல்லாதது ஆசிரியர் ஒருவரே. ஆதலின் ஆசிரியர் உள்ள பாடத்தை எடுத்தான். பரீட்சை எழுதினான். இன்று கொழும்பிலே ஒரு கடையில் பொதி கட்டுகிறான். அவன் பெருங்கலைஞன் ஆகியிருப்பான் என்று நாம் சத்தியம் செய்யவில்லை. ஆகியிருப்பானா என்பதை அறியும் வாய்ப்பே அவனுக்கும் எமக்கும் நாட்டுக்கும் மறுக்கப்பட்டது என்பதே எமது வழக்கு.

இந்நாட்டிலே இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலை அதன் வாசலுக்கு வெளியே நின்றது. 1970களிலேதான் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. எழுத்தறிவே தலைமுறை பிந்தி வந்த இடத்தில் இசையறிவு எப்போது வரும்? பட்டப்படிப்புக்கு இசை பயில விரும்பும் தமிழ்ப்பிள்ளை யாழ்ப்பாணத்திற்குச் செல்ல வேண்டும், அன்றி மட்டக்களப்பிற்குச் செல்ல வேண்டும். மலையிலே அத்தகைய பீடம் ஒன்றில்லை.

ஆயின் எமது ஊருக்கு ஆராய்ச்சி புதிதன்று. 1925இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்திலேயே இருக்கிறது. செடியின் வேரில் வரும் நோய் என்ன, இலையில் வரும் நோய் என்ன, எந்த மண்ணுக்கு எந்த உரம் என்று அங்கே அறிஞர் ஆராய்கின்றனர். வேண்டியதே. கொழுந்துக்கு ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சி நடந்திருக்கிறது. கொழுந்து பறித்தவளின் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஓர் ஒலிப்பதிவுக் கருவி கிடைக்கவில்லை. சென்கிளயர் அருவியின் நீரை மேல்கொத்மலைத் திட்டம் மின்சாரத்திற்காகச் சுரங்கத்துள் திருப்பியபின் அருவி பகலிலே குறித்த சில மணி நேரமே நிறைந்து வீழ்கிறது. அருவியின் குரலையும் அளந்து திறந்துவிடும் ஊரிலே மனிதரின் குரல் அளவின்றி ஒலிக்குமென்று எதிர்பார்ப்பது மிகையோ?

*

இசை கூலிக்கு மாற்றன்று. நிலத்திற்கும் வீட்டுக்கும் மாற்றன்று. ஆயிரம் ரூபா நாட்கூலி கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடி, 2021இலேதான் அது வர்த்தமானியில் ஏறக் கண்ட மக்கள் நாம். வயிற்றை மறந்து வயலினைப் பேசுவோம் அல்லோம். ஆனால் வயிறு நிறைந்த பின்னரே செவி திறக்க வேண்டும் என்று எமக்கு மட்டும் விதி வகுப்பதை மறுக்கிறோம். அந்த விதியின்படி நடந்திருந்தால் காமன் கூத்தே பிறந்திராது.

எமது கோரிக்கைகள் சில. எவையும் வானத்தை வில்லாய் வளைப்பன அல்ல. ஒவ்வொரு பாடசாலைக்கும் இசையாசிரியரை உடனே தர இயலாதெனின், அண்மைப் பாடசாலைகளைக் கொத்தணியாக்கி ஒருவரையேனும் தருக. இரவல் கொடுக்கத்தக்க ஒரு கருவித் தொகுதியையும் தருக. பத்தனைக் கல்வியியற் கல்லூரியிலே மலையகத்துக்கான இசையாசிரியப் பயிற்சி வலுப்பெறச் செய்க. யாழ்நூல் கண்ட விபுலாநந்தரின் பெயர் தாங்கும் மட்டக்களப்பு நிறுவகமும், யாழ்ப்பாணத்து இராமநாதன் பீடமும், கொழும்பிலுள்ள கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகமும் தத்தம் மாணவரை ஆண்டுக்குச் சில கிழமைகளேனும் எமது பாடசாலைகளுக்கு அனுப்புக. பாட்டிமார் இருக்கும்போதே மெட்டுக்களை இசையெழுத்தோடு பதிவு செய்க. தப்பை வரவேற்பு வாசலிலிருந்து வகுப்பறைக்குள் கொண்டு வருக. எச்சாதிப் பிள்ளையும் அதனைக் கற்கும்படி செய்க.

இறுதியாக, இயற்றுநர்களுக்கு ஒரு சொல். சிங்களவராயினும் தமிழராயினும் முசுலிமாயினும், கொழும்பிலாயினும் சென்னையிலாயினும், பெரிய வாத்தியக் குழுக்களுக்கு எழுதும் உங்கள் பேனா இரண்டு வயலினுக்கும் ஒரு புல்லாங்குழலுக்கும் ஒரு தப்புக்கும் ஐந்து நிமிட இசை எழுதட்டும். எளிதாக இருக்கலாம், இரக்கத்தோடு எழுதியதாக மட்டும் இருக்க வேண்டாம். எழுதி அனுப்புவதோடு நில்லாமல், வந்து பிள்ளைகளோடு உட்காருங்கள். பிழை திருத்துங்கள், அவர்கள் உங்கள் பிழையைத் திருத்தவும் இடங்கொடுங்கள். தப்பின் தோலை எவ்வளவு நேரம் அனலிற் காய்ச்ச வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

நாம் தொடங்கிவிட்டோம். இரவல் வாங்கிய வயலின் இரண்டு உண்டு. ஒன்றிலே ஒரு தந்தி இல்லை. சனிக்கிழமைகளில் ஐந்து பிள்ளைகள் வருகின்றனர். வகுப்பறைத் திறப்பு கிடைக்காத நாட்களில், அவர்களுள் ஒருத்தியின் லயத்துக் காம்பராவில் கூடுகிறோம். அடுப்பருகே தப்பைக் காய்ச்சிவிட்டு, கட்டிலை ஓரமாக நகர்த்தினால் நால்வர் உட்கார இடமுண்டு. கேட்பவர் வாசலில் நிற்கின்றனர். சென்ற வாரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தாய் ஒருத்தி கூடையை இறக்காமலே நின்று கேட்டாள்.